பாஸான பெட்டி வேறு, விற்ற பெட்டி வேறு

“சத்தமே வரலையேம்மா. எங்கிட்டு இருக்கு நாய்ஸு?” என்று கேட்டுவிட்டு, முதலாளி பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. எலக்ட்ரானிக்ஸில் நாய்ஸ் என்பது காதில் விழும் சத்தம் இல்லை, மின்கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ ஒரு கருவி இன்னொரு கருவிக்குக் கொடுக்கும் தொந்தரவு என்று விளக்கினேன். மிக்ஸி ஓடும்போது பழைய டிவியில் கோடு கோடாக வருமே, அதுதான் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “நம்ம வீட்ல டிவி நல்லாத்தானம்மா தெரியுது” என்றார். அவரைப் பற்றி அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். அதை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் நான் அங்கே இருந்த கடைசி நாள்வரை அவர் கொடுக்கவில்லை.

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையை ஒட்டி இருந்தது கம்பெனி. தோட்டத்து மோட்டாரை செல்போனிலிருந்தே ஓட்டுவதற்கான ஸ்டார்ட்டர் பெட்டி செய்தார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தால் மோட்டார் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். வெயிலில் கிணற்றடிவரை போய்வர வேண்டியதில்லை. விவசாயிக்கு உண்மையிலேயே உதவுகிற பொருள். அதைச் செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பொருளின் மேல் கொஞ்சமும் மரியாதை இல்லை.

என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் இங்கேயே பொறியியல் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்தில் சில வருடங்கள் இருந்தேன். அடுத்தவர்கள் செய்துகொண்டு வரும் கருவிகளை ஃபெயிலாக்குவதுதான் அங்கே என் வேலை. கணவருக்கு மதுரைக்கு மாற்றல் வந்ததால் ஊருக்குத் திரும்பினேன். வெளிமாநில வியாபாரி ஒருவர் சோதனை ரிப்போர்ட் இருந்தால்தான் பெட்டியை வாங்குவேன் என்று சொல்லியிருந்தார். அதற்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள். “இவங்கதான் நமக்கு டெஸ்ட் பாஸ் பண்ணிக் குடுக்கப்போற மேடம்” என்று முதலாளி எல்லோரிடமும் அறிமுகப்படுத்தினார். பாஸ்போர்ட் ஆபீஸ் புரோக்கரை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

உற்பத்தியைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியின் மச்சினர். பி.காம். படித்தவர். விசிட்டிங் கார்டில் டெக்னிக்கல் டைரக்டர் என்று போட்டிருந்தார். சாலிடரிங் அயர்னை ஒருமுறையாவது சரியான பக்கத்தில் பிடித்து நான் பார்த்ததில்லை. வெயில் கொளுத்தும் சித்திரையிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்.

என் துறையின் நிபந்தனைகள் இரண்டே இரண்டு. ஒரு கருவி அடுத்த கருவியைத் தொந்தரவு செய்யக் கூடாது. அடுத்த கருவி தொந்தரவு செய்தால் தன் வேலையை விட்டுத் தடுமாறக் கூடாது. இதை மனிதர்களுக்கு வைத்துப் பார்த்தால் எங்கள் கம்பெனியில் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள்.

முதல் சோதனைக்கு மச்சினரும் நானும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியூர்ச் சோதனைக்கூடம் ஒன்றுக்குப் போனோம். புறப்படும் முன் கம்பெனி வாசலில் பெட்டிக்குச் சூடம் காட்டினார்கள். அதோடு விட்டிருந்தால் எனக்கொன்றும் இல்லை. பெட்டியின் ஆன்டெனாவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார் மச்சினர். சோதனைக்கூடத்து அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், இது புராடக்டோட வர்ற பார்ட்டா?”

“இல்ல சார், கழட்டிடலாம்.”

“திருஷ்டிக்குங்க சார்” என்றார் மச்சினர் கொஞ்சமும் கூசாமல்.

அலைகளை விழுங்குவதற்காகச் சுவரெல்லாம் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு பதித்த ஒரு அறை அங்கே உண்டு. பெட்டியிலிருந்து கசியும் தொந்தரவை அங்கே வைத்துத்தான் அளப்பார்கள். மச்சினர் அந்தக் கூம்புகளுக்கு முன்னால் நின்று வளைத்து வளைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். கூம்பு ஒன்றின் நுனியைத் தொட்டு அழுத்திப் பார்த்ததும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கசிவில் பெட்டி எப்படியோ தப்பித்தது. அடுத்த சோதனையில் மாட்டிக்கொண்டது. வெல்டிங் மெஷினும் பெரிய மோட்டார்களும் ஓடும்போது மின்கம்பியில் பொடிப்பொடியாக மின்னதிர்வுகள் ஓடும். அதேபோன்ற அதிர்வுகளைச் செயற்கையாக உண்டாக்கிப் பெட்டிக்குள் ஏற்றுவார்கள். ஏற்றிய மறுநொடி பெட்டிக்குள் ‘டக்’கென்று ஒலி. யாரும் போன் அடிக்காமலே மோட்டாரை ஓடச்சொல்லிவிட்டது. நிறுத்தி, மறுபடி ஏற்றினார்கள். மறுபடி ‘டக்’.

“மெஷின் நல்லா சுறுசுறுப்பா இருக்கு சார்” என்றார் மச்சினர். அதிகாரி அவரைப் பார்க்காமலே தாளில் ஃபெயில் என்று எழுதினார்.

திரும்பி வந்து நான் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். குறை எங்கே என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதிர்வு உள்ளே நுழைந்ததும் மூளையாக இருந்த சில்லு திக்குமுக்காடி, ஒரு கணம் தன் நினைவை இழந்தது. அந்த ஒரு கணத்தில் மோட்டாரை ஓட்டும் கம்பி கேட்பாரில்லாமல் கிடந்தது. மின்சாரம் நுழையும் இடத்தில் செப்புக்கம்பி சுற்றிய சோக் ஒன்றையும் சில கெப்பாசிட்டர்களையும் வைத்து அதிர்வை வாசலிலேயே நிறுத்தினேன். சர்க்யூட் போர்டில் செம்பு போகும் பாதைகளை மாற்றி வரைந்தேன். பிளாஸ்டிக் பெட்டியை விட்டுவிட்டு இரும்புப் பெட்டியாக்கி அதை எர்த்தோடு இணைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலாளி, “இது கட்டாயம் வேணுமாம்மா?” என்று கேட்டார். கறிவேப்பிலை போடாமல் தாளிக்கலாமா என்று கேட்கிற தொனியில்.

இரண்டாவது முறை பெட்டி அசையாமல் நின்றது. எத்தனை அதிர்வு ஏற்றினாலும் ‘டக்’ வரவில்லை. போன் அடித்தால் மட்டும் ஓடியது, மறுபடி அடித்தால் நின்றது. என் வாழ்க்கையில் அதுவரை மற்றவர்களின் பெட்டிகளுக்குத்தான் பாஸ் போட்டிருக்கிறேன். என் கையால் செய்தது பாஸானபோது அதிகாரிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்தக் கம்பெனியில் நான் மதித்த ஒரே ஜீவன் அந்தப் பெட்டிதான்.

ஊர் திரும்பியதும் எல்லோருக்கும் பிரியாணி. ‘சோதனையில் வென்றது’ என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் அடித்து எல்லாப் பெட்டியிலும் ஒட்டினார்கள். வெளிமாநில ஆர்டரும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் பேக்கிங் பகுதி வழியாகப் போனபோது, அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தவை பளபளவென்று கண்ணில் பட்டன. கையிலெடுத்தேன். கனமே இல்லை. இரும்பு நிறத்தில் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். திறந்து பார்த்தேன். சோக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கெப்பாசிட்டர்களுக்கான துளைகள் வெறுமையாகக் கிடந்தன. துளைகளுக்குப் பக்கத்தில் நான் அச்சிட்ட எண்கள் மட்டும் இருந்தன, ஆள் குடிவராத வீட்டின் கதவு எண் மாதிரி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மச்சினரும் அங்கேதான் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

“சார், இது டெஸ்ட்ல பாஸான பெட்டி இல்ல.”

“அது தெரியும்மா. பாஸான பெட்டி ஷோகேஸ்ல இருக்கு. மால போட்டு வச்சிருக்கோம்ல?”

“விக்கிறது அது மாதிரி இருக்கணும் சார். அதுக்குத்தான் டெஸ்டே.”

அவர் சிரித்தார். குழந்தை ஏதோ மழலை பேசிவிட்டதுபோல. “பரீட்ச முடிஞ்சப்புறமும் யாராச்சும் புஸ்தகத்தத் தூக்கிட்டுத் திரிவாங்களாம்மா? பாஸ் பண்ணியாச்சு. அம்புட்டுதான்.”

“மோட்டார் தானா ஓடும் சார். கிணத்துக்குள்ள ஆளு இறங்கியிருக்கும்போது ஓடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“நம்ம ஊர்ல அந்த டெஸ்ட் மெஷினு எங்க இருக்கு? இல்ல மாப்ள?” என்று மச்சினர் பக்கம் திரும்பினார். மச்சினர் முறுக்கைக் கடித்தபடி தலையாட்டினார். வெல்டிங் மெஷின் இல்லாத ஊர் எது என்று கேட்டேன். மச்சினர் அடுத்த முறுக்கை எடுத்தார். ஒருவேளை கேள்வியே விளங்கவில்லையோ என்னவோ.

அந்த வெளிமாநில வியாபாரிக்கு நானே போன் போட்டேன். உங்களுக்கு வந்துகொண்டிருக்கும் பெட்டிக்கும் உங்களிடம் இருக்கும் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: ரிப்போர்ட் இருக்கிறது, எனக்கு அது போதும். ரிப்போர்ட்டைத் தண்ணீர்க் குழாயில் மாட்டிப் பாசனம் செய்கிறவர் போலிருக்கிறது.

நான் போன் போட்டது முதலாளிக்குத் தெரிந்துபோனது. மறுநாளே என்னை வடிவமைப்பிலிருந்து தூக்கி, புகார்களைப் பார்க்கும் சர்வீஸ் பிரிவில் போட்டார்கள். விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். போயிருக்கலாம்தான். ஆனால் நான் போய்விட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சர்வீஸில் எனக்கு வந்த புகார்களில் பாதி, மோட்டார் தானாக ஓடுகிறது என்பதுதான். அதற்கு முன் வந்தவற்றையெல்லாம் மச்சினரே போனில் தீர்த்துவைத்திருந்தார். எப்படித் தீர்த்துவைத்தார் என்பது திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது.

பருத்தியும் சோளமும் போட்ட கரிசல் காடு. பெட்டியை வாங்கியவர் ஐம்பது வயதிருக்கும் விவசாயி. அவரும் அவருடைய பங்காளியும் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பவர்கள். இருவருக்கும் தனித்தனி மோட்டார், நிலங்களுக்கு நடுவே ஒரு வரப்பு. கம்பெனிக் காரை மச்சினர் ஓட்டிவந்திருந்தார். சேறு படும் என்று ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் இறங்கிப் போனேன்.

விவசாயியை முந்திக்கொண்டு அவர் மனைவி நடந்ததைச் சொன்னார்.

“அவக முறையன்னைக்கு எங்க மோட்டாரு ஓடிருச்சும்மா. கிணத்துல இருந்த தண்ணி அம்புட்டும் எங்க காட்டுல வந்து நிக்குது. இவரு அப்ப திருமங்கலம் சந்தையில. வந்து பாத்தா, தண்ணியத் திருடிட்டோம்னு அவக சண்டைக்கு நிக்கிறாக.”

“நான் போனே அடிக்கலங்க” என்றார் விவசாயி. “கம்பெனிக்கு அடிச்சுக் கேட்டேன். உங்க நம்பரு தெரிஞ்ச யாரோதான் பண்றாய்ங்க, பக்கத்துல விசாரிங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. பக்கத்துல யாரு? இவென்தான். என்னையத் திருடனாக்கணும்னே செய்யிறியாடான்னு கேட்டேன். வார்த்த முத்திப்போச்சு.”

வார்த்தை எப்படி முத்தியது என்பதை அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். பங்காளியின் செத்துப்போன அப்பாவை இழுத்து, அந்தத் திருட்டுப் புத்தி உனக்கும் வந்துவிட்டதா என்று விவசாயி கேட்டிருக்கிறார். பங்காளி அறைந்துவிட்டார். இருவரும் ஸ்டேஷன்வரை போய் வந்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் தண்ணீரில்லாத நேரத்தில் மோட்டார் தானாக ஓடிக் கருகியது. அதையும் பங்காளி தலையில்தான் போட்டிருந்தார்கள். கருகியதை மறுபடி கம்பி சுற்றி மாட்டியிருந்தார்கள்.

போனில் பேசியது யாரென்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு துண்டுக் கம்பியை மறைப்பதற்காக ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தின் மேல் ஏவிவிட்டிருக்கிறார். அதுவும் மறந்துபோயிருக்கும். அவருக்கு அது நாளில் நாலு தரம் சொல்கிற பதில்.

“எப்பெப்ப ஓடுதும்மா? ராத்திரில ஓடுமா?” என்று விவசாயியின் மனைவியைக் கேட்டேன்.

அவர் யோசித்தார். “பொழுதடஞ்சா ஓடாது. ஞாயித்துக்கிழம ஓடுனதே இல்ல.”

வரும் வழியில் ரோட்டோரம் ஒரு கிரில் பட்டறையைப் பார்த்திருந்தேன். ஜன்னல் கம்பி, கேட்டு எல்லாம் வெல்டிங் வைக்கிற இடம். ஞாயிறு விடுமுறையா என்று விசாரித்தேன். ஆமாம் என்றார்கள். அந்தப் பட்டறைக்கும் இந்தக் கிணற்றுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் கரண்ட் வருகிறது.

வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

“அண்ணே, கொஞ்சம் வாங்க. உங்களுக்கும் சேத்துத்தான்.”

“நான் அவென் காட்டுல கால வைக்க மாட்டேன்.”

“சரி, வரப்பு மேலயே நில்லுங்க.”

பெட்டியைத் திறந்து சிம் கார்டை உருவினேன். வரப்புவரை நடந்துபோய் பங்காளியின் உள்ளங்கையில் வைத்தேன். இது இல்லாமல் யாரும் இந்தப் பெட்டிக்குப் போன் அடிக்க முடியாது, கையை மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு காரின் கண்ணாடியைத் தட்டினேன்.

“சார், அந்தக் கிரில் பட்டறைக்குப் போய் ஏதாச்சும் ஒரு கம்பிய வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் விட்டு விட்டு வைக்கணும்.”

“எதுக்கு மேடம்?”

“டெஸ்ட்டு.”

அந்த இடத்தைவிட்டு நகரக் கிடைத்த வாய்ப்பை அவர் விடுவாரா? ஏன் எதற்கு என்று இன்னொரு கேள்வி கேட்காமல் போனார். ஒரு டெக்னிக்கல் டைரக்டருக்கு, வெல்டிங் என்றதுமே விஷயம் விளங்கியிருக்க வேண்டும். இவருக்கு விளங்கவில்லை.

நாங்கள் மோட்டார் ரூம் வாசலில் நின்றோம். பட்டறையின் தகரக் கூரை தூரத்தில் தெரிந்தது. அதன் நிழலில் நீல வெளிச்சம் ஒன்று வெட்டியது. அடங்கியது. மறுபடி வெட்டியது.

‘டக்.’

மோட்டார் உறுமியது. குழாய் இருமி, காற்றைத் துப்பிவிட்டு, தண்ணீரை வாரிக் கொட்டியது. பங்காளி மூடிய கையைத் திறந்து பார்த்தார். சிம் கார்டு அங்கேயேதான் இருந்தது.

நான் மோட்டாரை நிறுத்தினேன். நீல வெளிச்சம் வெட்டியது. இரண்டு மூன்று வெட்டுக்கு ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் மறுபடி ஓடியது. விவசாயியின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப யாரோ நம்பரு தெரிஞ்சவகன்னு போன்ல சொன்ன ஆளு?” என்று விவசாயி கேட்டார்.

கார் திரும்பி வந்து நின்றது. மச்சினர் கண்ணாடியைப் பாதி இறக்கி, “என்ன மேடம், முடிஞ்சுதா?” என்றார்.

“இந்தா, இவருதாங்க பேசுனது” என்றேன்.

விவசாயி காரருகே போனார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. குனிந்து, பாதி இறங்கிய கண்ணாடி வழியாக அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“நீங்கதானா? பக்கத்துல விசாரிங்கன்னு சொன்னீங்களே?”

“அது... பொதுவா அப்பிடித்தான் சார் இருக்கும்...”

“பொதுவான்னா?”

மச்சினர் கோட்டுப் பையில் எதையோ தேடினார். தேடுகிற மாதிரி பாவனைதான், எதுவும் எடுக்கவில்லை. விவசாயி என் பக்கம் திரும்பினார்.

“தெரிஞ்சேதான் வித்தீங்களா?”

“ஆமாங்க” என்றேன். பெட்டிக்குள் வளைத்து வைத்திருந்த துண்டுக் கம்பியைக் காட்டினேன். இங்கே ஒரு பொருள் இருந்தது, சோதனைக்கு வைத்தார்கள், பாஸானதும் எடுத்துவிட்டார்கள், இப்படி விற்க வேண்டாமென்று நான் சொன்னேன், கேட்கவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. வரப்பில் நின்ற பங்காளி சிம் கார்டைக் கல்லொன்றின் மேல் வைத்துவிட்டுத் தன் காட்டுக்குள் நடந்துபோனார். விவசாயி அவர் முதுகைப் பார்த்தபடி வரப்புவரை போய், கல்லின் மேலிருந்த சிம் கார்டை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

திரும்பும் வழியில் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் காரை நிறுத்தி, மச்சினர் இறங்கிப் போய் ஒரு டீ குடித்தார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. என்னைத் தண்டிக்க அவருக்குத் தோன்றிய உச்சபட்ச வழி அது.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, அலுத்துக்கொண்டார்.

“எதுக்கும்மா வெல்டிங்கெல்லாம் வைக்கச் சொன்ன? கம்ப்ளைண்டுன்னா பெட்டிய மாத்திக் குடுத்துட்டு வர வேண்டியதுதான?”

“மாத்துற பெட்டியும் அப்பிடித்தான் சார் ஓடும்.”

“ஓடட்டும். அப்ப இன்னொன்ன மாத்துவோம். அதுக்குத்தான சர்வீஸு.”

“ரெண்டு வீட்டுக்காரங்க ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க சார்.”

“கிராமத்தான் தண்ணிக்கு அடிச்சுக்காம வேற எதுக்கும்மா அடிச்சுக்குவான்?”

இதைச் சொன்னவர் மதுரைக்கு மேற்கே அதே மாதிரி ஒரு கரிசல் ஊரில், அதே மாதிரி முறை வைத்துத் தண்ணீர் இறைத்த வீட்டில் பிறந்தவர். மேடை கிடைத்தால், நான் விவசாயி மகன் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அந்த நிமிடம்வரை அவரை விவரமில்லாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். அது அவருக்கு நான் கொடுத்த சலுகை. அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. நாய்ஸ் மட்டும்தான் விளங்கவில்லை.

“நான் நின்னுக்கிறேன் சார்” என்றேன்.

“பொம்பளைங்களுக்கு இந்த லைன் சரிப்படாதுன்னு மாப்ள அப்பவே சொன்னான்” என்றார்.

“அவருக்கு எந்த லைன் சரிப்படும்னு கேட்டுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் விலகிய கொஞ்ச நாளில் அந்தக் கிராமத்துக்காரர்கள் பெட்டிகளைக் கழற்றி ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் கொட்டினார்களாம். முதலாளி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். பிறகு ஆள்விட்டுச் சமாதானம் பேசி, அந்த ஊருக்கு மட்டும் சோக்கும் கெப்பாசிட்டரும் வைத்த பெட்டிகளை மாற்றிக் கொடுத்தார்கள். கத்தியவர்களுக்கு மட்டும். அதற்கும் ஒரு விழா. ‘இலவச அப்கிரேட்’ என்று பேனர் கட்டி, பெட்டியைக் கையில் பிடித்தபடி மச்சினர் நிற்கிற போட்டோ வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் துண்டுக் கம்பிதான் இன்றைக்கும் போகிறது என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். சென்ற வருடம் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குத் தரம் பற்றிப் பேச முதலாளியை அழைத்திருந்தார்கள். பேசினார். கைதட்டினார்கள். அவரை அழைத்த பேராசிரியர்களையும் நான் அவரோடு சேர்த்தேதான் வைத்திருக்கிறேன்.

இப்போது செல்லூரில் ஒரு மாடி அறையை எடுத்து, சொந்தமாக ஒரு சிறிய சோதனை மேசை போட்டிருக்கிறேன். பெரிய கூடங்களுக்குப் போவதற்கு முன் கருவிகளை முதலில் தட்டிப் பார்க்கிற இடம். கீழே விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தத் தெருவின் மின்சாரத்தில் ஒரு கருவி ஒழுங்காக வேலை செய்தால் அதற்கு வேறெங்கும் பயமில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் கேள்வியாகவே, பாஸுக்கு என்ன வழி என்றுதான் கேட்கிறார்கள். கருவி என்ன செய்யும் என்று நான் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைப் படியோடு திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

போன மாதம் அந்தப் பங்காளி படியேறி வந்தார். துண்டில் சுற்றி, வேறு ஏதோ கம்பெனியின் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

“புதுசு வாங்கியிருக்கேம்மா. மாட்டுறதுக்கு முந்தி ஒங்கட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறலாம்னு வந்தேன்.”

மேசையில் வைத்து அதிர்வுகளை ஏற்றினேன். அவர் பெஞ்சில் உட்காராமல், என் தோளுக்குப் பின்னால் நின்றே பார்த்தார். ‘டக்’ சத்தம் வருகிறதா என்று இருவரும் காத்திருந்தோம். வரவில்லை. இன்னும் கூட்டினேன். வரவில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஆச்சரியப்பட்டது நான்தான். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பெட்டி என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும் என்பதுபோல் துண்டில் சுற்றினார்.

“அவரும் நீங்களும் இப்ப பேசிக்கிறீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“இல்லம்மா.”

“அன்னைக்குத்தான் பெட்டி மேல தப்புன்னு தெரிஞ்சுபோச்சே?”

முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “மோட்டாரு தானா ஓடுச்சு, சரி. எங்கப்பாவச் சொன்ன வாயி தானாவா ஓடுச்சு?”

வாரேம்மா என்று சொல்லிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.